என் வாயைப் பார்க்காதீங்க, மச்சான்

எதிரே ஒருத்தர் உட்கார்ந்து நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சாப்பிடுவது? அதுவும் அந்த ஒருத்தர் கட்டின புருஷனாக இருந்தால்? எட்டு மாதமாக என் பிழைப்பு இதுவாகத்தான் இருந்தது. நான் இட்லியைப் பிட்டால் மச்சானின் கண் இட்லியோடு சேர்ந்து மேலே வரும். நான் மென்றால் அவர் தாடையும் அசையும். நான் விழுங்கின பிறகுதான் அவர் மூச்சு விடுவார். நாலாவது வாய்க்குக் கை போவதற்குள், "போதும் புள்ளே, போதும்" என்று தட்டை இழுத்துவிடுவார்.

மச்சான் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரர் ராஜா முகம்மதுவை. என் மாமி மகன். கல்யாணத்துக்கு முன்னும் மச்சான், பின்னும் மச்சான். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறார். கடைத்தெருவில் அவரைப்போல் தன்மையான மனுஷன் கிடையாது என்பார்கள். இருக்காதா பின்னே? எங்கள் வீட்டில் கோபப்படுகிற சோலி முழுவதையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேனே, அவருக்கு என்ன கவலை?

நான் நல்ல கனம். மறைத்துப் பேச எனக்கு வராது. ஜீப்பில் முன் சீட்டில் நான் உட்கார்ந்தால் டிரைவர் கியர் போட என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. சர்க்கரை, மூட்டு வலி, படுத்தால் மூச்சுத் திணறல் என்று ஒன்று பாக்கி இல்லை. மலைமேல் எங்களுக்கு இருக்கும் ஏலத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் மதுரைக்குப் போய் வயிற்றைக் குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டேன். முக்கால்வாசி வயிற்றை எடுத்துவிட்டு ஒரு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக முடிந்தது. சர்க்கரை இறங்கியது. மூட்டு வலி போன இடம் தெரியவில்லை. பழைய சுடிதாரை எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது டெய்லர், "இதுலே ரெண்டு தைக்கலாம்க்கா" என்றான். அவனைத் திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வினை வந்தது கம்பம் ஊரில். என் கொழுந்தன் ஹக்கீம் மகளுக்கு நிக்காஹ். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம். மெல்ல மென்று தின்ன வேண்டியவள், பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரியாணியை இரண்டு வாய் அப்படியே விழுங்கிவிட்டேன். நெஞ்சில் கல்லாக அடைத்துக்கொண்டது. வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது, அப்படியே சாய்ந்துவிட்டேன். மச்சான் பெண்கள் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் ஓடிவந்து என்னைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். போகிற வழியிலேயே வாந்தி எடுத்தேன், சரியாகிப்போனது. எனக்குச் சரியாகிவிட்டது. அவருக்குத்தான் ஆகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெய் மணம் இல்லை. தாளிக்கிற சத்தம் இல்லை. மத்தியானம் ஆனால் கடையை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார், காவலுக்கு. காலையில் அரை இட்லி, மற்ற வேளைக்குக் கஞ்சி; நான் தின்பதைத்தான் அவரும் தின்பார். ஆபரேஷன் எனக்கு, அரை ஆளாக இளைத்தது அவர். அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது டாக்டரம்மாவே, "இப்ப எல்லாம் சாப்பிடலாம். கறி, மீன், முட்டையை முதல்லே சாப்பிடுங்க. கொஞ்சமா, நல்லா மென்னு. வயிறு நெறஞ்சா அதுவே சொல்லும், நிறுத்திக்கங்க" என்று சொன்னார். மச்சான் பவ்யமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "அவுக அப்புடித்தான் சொல்வாக" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி மாவு வாங்கப் போய்விட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த மனுஷனின் பயம் போகாவிட்டால் என் மிச்ச ஆயுசு முழுக்கக் கிண்ணத்துக் கஞ்சிதான். அதைவிட, நாங்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்ட காலம் இனி வராது. அதுதான் எனக்கு நெஞ்சை அடைத்தது, பிரியாணி அல்ல.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் ரமீஸா போன் செய்தாள். கொச்சியில் வேலை பார்க்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்கு லட்சத்தீவு வரை போய்த் திரும்புகிற கப்பலில் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாளாம்.

"கப்பல்லே மூணு வேளையும் விருந்தாம்லே?" என்று மச்சான் பதறினார். "வேணாம் ரமீஸா. அத்தா சொல்றேன்லே, கேன்சல் பண்ணிரு."

நான் போனைப் பிடுங்கினேன். "நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஒங்கத்தா வராட்டிப் போகட்டும். நான் தனியாப் போறேன்."

தனியாக விடுவாரா? கிளம்பினார். அவர் பையில் சட்டை இரண்டு, மிச்சமெல்லாம் கஞ்சி மாவு, சின்னக் கிண்ணம், சின்னக் கரண்டி, பிளாஸ்க்கு. போடிமெட்டு வளைவுகளில் வண்டி ஏற ஏற நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தேன். தோட்டத்து உலர்த்தும் கொட்டகைகளில் ஏலக்காய் காயவைக்கிற வாசனை காற்றோடு வந்தது. எத்தனை வருஷம் கழித்து இந்த மலையில் மூச்சு வாங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்! மேலே சோதனைச்சாவடி ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு மேட்டில் தன்னந்தனியாக விறுவிறுவென்று ஏறிக் காட்டினேன். கீழே போடியும் வயல்களும் தெரிந்தன. மச்சானும் பின்னாலேயே ஏறி வந்தார், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு. அடப் பாவி மனுஷா!

கப்பலைப் பற்றி என்ன சொல்ல? எங்கள் தெரு முழுவதையும் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். யா அல்லாஹ்! ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் கறி, ஒரு பக்கம் பழம், பெயர் தெரியாத பலகாரம் வேறு. ஆளாளுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உலாவினார்கள். நான் இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு திரும்பினால், மச்சான் மேசையில் பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சி கரைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர்கள் அய்யோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். நோயாளி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்ததே கோபம்! தட்டை அப்படியே வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்விட்டேன்.

பின்னாலேயே வந்தார். கடல் காற்றில் அவர் தொப்பி பறக்கப் பார்த்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன கைக்கொழந்தையா? இல்லே சாகப் போறவளா?" என்று கத்தினேன். "ஒரு வாய் நிம்மதியாத் தின்னு எத்தனை மாசமாச்சு தெரியுமா ஒங்களுக்கு? நீங்க எம் மூஞ்சியப் பாத்துப் பேசி எத்தனை மாசமாச்சு? வாயத்தானே பாக்குறீக!"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாக, "கம்பத்துலே அன்னைக்கு ஒங் கையப் பிடிச்சுப் பாத்தேன் புள்ளே. நாடி எனக்குக் கெடைக்கலே" என்றார். "வண்டியிலே ஏத்துற வரைக்கும் கெடைக்கலே. நீ போயிட்டேன்னே நெனைச்சுட்டேன்."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் கையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தேன்.

"பாருங்க. இப்பக் கெடைக்குதா?"

"கெடைக்குது."

"நல்லா?"

"குதிக்குது."

"பசியிலே குதிக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கீழே போய்க் கஞ்சியைத்தான் குடித்தோம், இரண்டு பேரும்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கூத்து நடந்தது. கூடத்தின் வாசலில் டீ போடுகிற இடம். அங்கே ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய ஏலக்காய் வைத்திருந்தார்கள், அழகுக்கோ டீக்கோ தெரியவில்லை. நல்ல பச்சை. மச்சானின் கால் தானாக அங்கே போய் நின்றது. ஏலக்காயைக் கண்டால் அவருக்குப் பொண்டாட்டி பிள்ளை மறந்துபோகும். ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றைப் பிளந்து உள்ளே விதையைப் பார்த்தார், வாயில் போட்டு மென்றார், தலையை ஆட்டிக்கொண்டார். மிச்சக் காயை அப்படியே அந்தச் சிவப்புக் கம்பளத்தில் வீசி எறிந்துவிட்டு நடந்தார்!

ஏலக்காயை ஏலம் எடுக்கிற இடத்தில் எல்லா வியாபாரியும் செய்கிற காரியம்தான் இது. லாட்டு என்பது மொத்தமாக விலைபோகிற மூட்டைகள்; ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் தட்டில் வரும். அள்ளிப் பார்த்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, மிச்சத்தைத் தரையில் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போவார்கள். ஏலம் முடியும்போது தரை முழுக்கக் காயாகக் கிடக்கும், பிறகு கூட்டி அள்ளுவார்கள். ஆனால் இது கப்பல் அல்லவா? பேன்ட் சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் திகைத்துப்போய்க் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். மச்சான் இரண்டடி போன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார், குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

உள்ளேயிருந்து வெள்ளைத் தொப்பி வைத்த சமையல்காரர் ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். திட்டப் போகிறார் என்று நான் முந்தானையைச் சொருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானேன். அவரோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "அண்ணே, போடியா?" என்று கேட்டார்.

மச்சான் குனிந்தபடியே, "எப்புடிக் கண்டுபிடிச்சீக?" என்றார்.

"ஏலக்காயத் தரையிலே எறியிற ஆளு வேற எந்த ஊருண்ணே? நான் பக்கத்துலே சிலமலை. மாரீஸ்வரன். எங்காத்தா ராமுத்தாய் போடியிலே காய் தரம் பிரிக்கத்தான் போகும்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற கொஞ்ச வயிற்றைத்தான், சுவரில் சாய்ந்து சிரித்தேன். மாரீஸ்வரன் சிரித்தார். கம்பளத்தில் உட்கார்ந்துவிட்ட மச்சானும் கடைசியில் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார், என் வாயை அல்ல, என்னை. விட்டுவிடுவேனா நான்?

"மச்சான், நூறு மூட்டை லாட்டு வாங்குறதுக்கு எத்தனை காய் திம்பீக?"

"ஒண்ணு."

"ஒண்ணைத் தின்னா மூட்டை பூராத் தெரிஞ்சிருமா?"

"தெரியாம? இத்தனை வருசமா என்ன சோலி பாக்குறேன்?"

"எனக்கும் ஒரு வாய் தின்னாத் தெரியும். ஒரு வருசமா எம் வயித்தோட நான்தானே குடும்பம் நடத்துறேன்? சாம்பிள் நான் பாக்குறேன். லாட்ட நீங்க எடுங்க. நான் நல்லாருக்குன்னு சொல்ற எல்லாத்தையும் மிச்சம் வைக்காம நீங்க தின்னாகணும். ஆனா எப்ப நிறுத்தணும்னு நான்தான் சொல்வேன். சம்மதமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மாரீஸ்வரன், "நீங்க உக்காருங்கக்கா. எல்லாத்துலேயும் சின்னக் கிண்ணத்துலே கொண்டாறேன். கறியெல்லாம் ஹலால்தான், யோசிக்காதீக" என்று உள்ளே போய்விட்டார்.

முதலில் மீன் பொள்ளிச்சது வந்தது, வாழையிலையில் சுருட்டிச் சுட்டது. "லாட்டு நம்பர் ஒண்ணு!" என்று மாரீஸ்வரன் ஏலக்காரர் குரலில் கூவினார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு துண்டு வாயில் போட்டேன். மிளகும் புளியும் சின்ன வெங்காயமும்! எட்டு மாதக் கஞ்சிக்குப் பிறகு அந்த ருசி நாக்கில் பட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெதுவாக மென்றேன், வாயிலேயே கரைந்த பிறகு விழுங்கினேன். "முதல் தரம். எடுக்கலாம்" என்று கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன். அடுத்து இறால். "நல்ல காய், ஆனா காரம் கொஞ்சம் தூக்கல்." அடுத்து என்னவோ வெள்ளையாகப் பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்தது. "இது போன வருசத்துச் சரக்கு, திருப்பி அனுப்புங்க." பக்கத்து மேசைகளில் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மச்சான் கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்தார். பாவம், அவருக்கும் எவ்வளவு பசி இருந்திருக்கிறது!

பிறகு மாரீஸ்வரன் சத்தம் போடாமல் ஒரு கிண்ணத்தை வைத்தார். பிரியாணி. ஒரு துண்டுக் கறி, அதன்மேல் கொஞ்சம் சோறு.

மச்சானின் கை நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போனது. அவர் கை கிண்ணத்தை இழுக்க நீண்டது, பாதி வழியில் நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தது. கறியில் ஒரு கிள்ளு, சோற்றில் நாலு பருக்கை. வாயில் வைத்து மென்றேன், மென்றேன், இன்னும் மென்றேன். விழுங்கினேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். நெஞ்சில் ஒன்றும் அடைக்கவில்லை. சூடாக இறங்கி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"எப்புடி இருக்கு?" என்றார்.

"ஜாதிக்காய் கூடிப்போச்சு. நம்ம வீட்டுப் பிரியாணி பக்கத்துலே வர முடியாது. இருந்தாலும் எடுக்கலாம்" என்றேன்.

இன்னும் ஒரு வாய் எடுத்தேன். அப்போது வயிறு, டாக்டரம்மா சொன்ன மாதிரியே, தானாகச் சொன்னது. வலி இல்லை, ஒன்றும் இல்லை, லேசாக ஒரு நிறைவு. கரண்டியைக் கீழே வைத்தேன். கிண்ணத்தில் நான் கிள்ளியது போக அந்தத் துண்டு இன்னும் கிடந்தது. எலும்போடு சேர்ந்த, எனக்குப் பிடித்த துண்டு. மச்சானுக்கு அது தெரியும். கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்த ஒரு துண்டு மட்டும் சாப்புடேன் புள்ளே. ஒனக்குப் பிடிக்குமே" என்றார்.

இதைச் சொன்னது யார்? என் மச்சான்!

"போதும் மச்சான். எனக்கு நெறஞ்சிருச்சு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தத் துண்டை எடுத்து, எலும்பு வெள்ளையாகும்வரை தின்று முடித்தார். மிச்சமிருந்த கஞ்சி மாவை மாரீஸ்வரனிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் அதில் என்னவோ பலகாரம் செய்து ராத்திரி எல்லாருக்கும் போட்டாராம்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கும். காலையில் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டே, "மலைக்கு மேலே ஒரு ஏலம் இருக்கு. மத்தியானம் வரமாட்டேன். நீயாச் சாப்புட்டுக்க" என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடனே விளங்கவில்லை. வண்டிச் சத்தம் தெரு திரும்பின பிறகுதான், என் காவலுக்கு இன்றைக்கு ஆள் இல்லை என்று உறைத்தது. ஆடாத குறைதான். ஆட்டுக்கறி வாங்கி வரச் செய்தேன். தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன், நெய்ச்சோறு ஆக்கினேன். தெருவே மணத்தது. பக்கத்து வீட்டு அய்யம்மாள் மதிலுக்கு மேல் எட்டி, "என்ன ஹசீனா, விருந்தா?" என்று கேட்டாள். "ஆமா, எனக்கு நானே" என்றேன்.

சின்னத் தட்டில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தேன். முதல் வாய் வைத்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. போனை எடுத்தேன்.

"எங்க இருக்கீக?"

"அடிவாரம் முந்தல் தாண்டி ஏறிக்கிட்டு இருக்கேன். கடையிலே ஒரு ஆளு வந்து நேரமாயிருச்சு. ஏன் புள்ளே, என்ன பண்ணுது? நெஞ்சா?"

"ஒண்ணும் பண்ணலே. கொழம்பு வச்சிருக்கேன். தனியாத் திங்கப் பிடிக்கலே. வண்டியத் திருப்புங்க."

"ஏலம்?"

"அது அடுத்த வாரமும் நடக்கும். வெரசா வாங்க."

வந்தார். கை கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் தட்டில் சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றினேன். என் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, எங்கே பார்க்கிறார் என்று ஓரக்கண்ணால் கவனித்தேன். அவர் சோற்றைத்தான் பார்த்தார். பிசைந்து, உருட்டி, முதல் வாய் வைத்தார். மென்றார். நெற்றியைச் சுருக்கினார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

எட்டு மாதமாக இந்த மனுஷன் என் சமையலில் ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்வதற்கு அவர் எதையாவது ருசித்துத் தின்றிருக்க வேண்டுமே! எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துபோனது, கண்ணீர் வந்துவிட்டது.

"கம்மின்னா எந்திரிச்சுப் போயி எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே? கால் என்ன மலைமேலயா கெடக்கு?" என்று கத்தினேன்.

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தார். எனக்கும் கொஞ்சம் போட்டார். அவர் சொன்னது சரிதான், கம்மியாகத்தான் இருந்தது.